இருக்கும் கார்டிலேயே இன்னும் சற்று வேகம்

கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்காக மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் மேசைக் கணினி வாங்கிய வீடுகளில் இப்போது ஒரு கோரிக்கை எழுவது வழக்கமாகிவிட்டது. "கிராபிக்ஸ் கார்டு போதவில்லை, புதியது வேண்டும்" என்பது அந்தக் கோரிக்கை. விளையாட்டுக்கு மட்டுமன்றி, காணொளித் தொகுப்புக்கும் முப்பரிமாண வடிவமைப்புக்கும் பாடத்திட்டத்திலுள்ள மென்பொருள்களுக்கும் அந்தக் கார்டு தேவைப்படுகிறது. புதியது வாங்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்று தெரிந்ததும், "அப்படியானால் இருப்பதையே ஓவர்கிளாக் செய்துகொள்கிறேன்" என்று பிள்ளை சொல்கிறார். "கார்டு எரிந்துபோனால் யார் பொறுப்பு?" என்று பெற்றோர் கேட்கின்றனர்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ஓவர்கிளாக்கிங் செலவில்லாமல் சிறிது வேகம் தரும். முறை தெரியாமல் செய்தால் கார்டை மட்டுமன்றி, கணினியில் சேமித்த வேலையையும், சில வேளைகளில் வங்கிக் கணக்கின் பாதுகாப்பையும் பாதிக்கும். எங்கே ஆதாயம், எங்கே ஆபத்து என்பதைப் பிரித்தறிந்து, நிதானமாகச் செய்யும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

கிராபிக்ஸ் கார்டின் சில்லு ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்து இயங்குகிறது. துடிப்பு விநாடிக்கு எத்தனை பத்து லட்சம் முறை நிகழ்கிறது என்பதை மெகாஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிக்கிறோம். எடுத்துக்காட்டாக, 2019 ஏப்ரலில் வெளிவந்து, குறைந்த விலைக் கணினிகள் பலவற்றில் இடம்பெற்ற என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650 கார்டின் அடிப்படை வேகம் 1485 மெகாஹெர்ட்ஸ்; ஊக்க வேகம் 1665 மெகாஹெர்ட்ஸ். இந்த எண்களைப் பயனரே உயர்த்துவதுதான் ஓவர்கிளாக்கிங்.

நிறுவனம் குறித்த எண்ணைத் தாண்டி இயங்க இடம் எப்படி இருக்கிறது? ஒரே தகட்டிலிருந்து வெட்டப்படும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தில் அமைவதில்லை. சில கூடுதல் வேகத்தைத் தாங்கும். சில குறித்த வேகத்தை மட்டுமே தாங்கும். எல்லாச் சில்லுகளும், எல்லா வீடுகளிலும், எல்லாப் பருவங்களிலும் தவறின்றி இயங்க வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் சற்றுத் தாழ்ந்த எண்ணையே குறிக்கின்றன. அந்த இடைவெளிதான் பயனருக்குக் கிடைக்கும் ஆதாயம்.

அந்த இடைவெளி ஒருகாலத்தில் மிகப் பெரிதாக இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவு விலைச் செயலி இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் பெருக்கெண் 4.5, தாய்ப்பலகையின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், ஆகவே செயலி 300 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. தாய்ப்பலகையின் வேகத்தை 100 ஆக மாற்றியதும் அதே செயலி 450 மெகாஹெர்ட்ஸில் இயங்கிற்று. விலை குறைந்த பொருள், அன்றைய உயர்விலைச் செயலிக்கு இணையாக நின்றது.

இன்று அத்தகைய பாய்ச்சலை எதிர்பார்க்கக் கூடாது. 2012இல் என்விடியா கொண்டுவந்த 'ஜி.பி.யு. பூஸ்ட்' நுட்பத்துக்குப் பிறகு, கார்டு தன் வெப்பத்தையும் மின்சாரத்தையும் தானே அளந்து, இடமிருக்கும் வரை தன் வேகத்தைத் தானே உயர்த்திக்கொள்கிறது. ஆகவே பயனருக்கு எஞ்சுவது பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காடுதான். விநாடிக்கு 50 சட்டங்கள் காட்டிய விளையாட்டு 53 அல்லது 55 காட்டும். இதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் ஏமாற்றம் இராது.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

சில்லு செலவிடும் மின்சக்தி, வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை மட்டும் 10 விழுக்காடு உயர்த்தினால் மின்சாரமும் ஏறத்தாழ 10 விழுக்காடு உயரும். அந்த வேகத்தைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தையும் 5 விழுக்காடு உயர்த்தினால், மொத்த உயர்வு 21 விழுக்காட்டைத் தொடும். பத்து விழுக்காடு வேகத்துக்கு இருபத்தொரு விழுக்காடு மின்சாரம். அம்மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும்.

கார்டின் ஆயுளைக் குறைப்பவை உயர்ந்த மின்னழுத்தமும் நீடித்த வெப்பமுந்தான். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் உயர்த்துபவருக்கு நேரக்கூடியது பெரும்பாலும் கணினி உறைந்து நிற்பதே. கார்டு எரிவது அரிது. ஆகவே முதல் விதியை இங்கேயே வகுத்துக்கொள்ளலாம்: மலிவு விலைக் கார்டில் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டாம். அதன் குளிர்விப்பான் சிறியது. மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் உறுப்புகளும் அளவாகவே பொருத்தப்பட்டவை. கார்டின் உள்நிரலை மாற்றி எழுதி வரம்புகளைத் தளர்த்தும் முறையையும் அறவே தவிர்க்க வேண்டும்.

தொடங்குமுன் நான்கு சோதனைகள்

முதலாவது, குறை உண்மையில் கார்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டு ஓடும்போது கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால், கார்டுதான் தடை. 60, 70 என்று நின்றால் தடை வேறிடத்தில் இருக்கிறது. 8 ஜி.பி. ராம் ஒற்றைத் துண்டாகப் பொருத்தப்பட்ட கணினிகளில், அதே அளவுள்ள இன்னொரு துண்டைச் சேர்ப்பது எந்த ஓவர்கிளாக்கிங்கையும் விட அதிகப் பலன் தரக்கூடும். கார்டின் சொந்த நினைவகமான 4 ஜி.பி. நிறைந்து வழிவதால் காட்சி திக்கினால், வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. காட்சித் தரத்தைக் குறைப்பதே வழி.

இரண்டாவது, மின்வழங்கி. தாய்ப்பலகையில் கார்டு செருகப்படும் இடம் 75 வாட் வரை தரும். ஆறு ஊசி இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு ஊசி இணைப்பு மேலும் 150 வாட்டும் தரும். தனி இணைப்பு இல்லாத ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு 75 வாட்டுக்குள்ளேயே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அதை மீறச் செய்ய முயலக் கூடாது. இவ்வரம்பு வெறும் சம்பிரதாயமன்று. 2016இல் ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்.எக்ஸ். 480 வெளிவந்தபோது, அது தாய்ப்பலகையிலிருந்து வரம்புக்கு மேல் மின்சாரம் இழுப்பதைச் சோதனையாளர்கள் கண்டறிந்தனர். அடுத்த மாதமே அந்நிறுவனம் டிரைவரைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அதில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால், செயலிக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட் மட்டுமே. யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் அதன் திறனையும் கணக்கிட வேண்டும். 600 வி.ஏ. என்று குறிக்கப்பட்ட யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். மின்தடை நேரும் கணத்தில் கணினியும் திரையும் சேர்ந்து அந்த அளவை நெருங்கக் கூடாது.

மூன்றாவது, தூசு. நம் வீடுகளில் ஓராண்டு திறக்கப்படாத கணினிப் பெட்டிக்குள் விசிறியும் அலுமினியத் தகடுகளும் தூசால் மூடிக் கிடப்பது இயல்பு. மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையாலும் காற்றாலும் தூய்மை செய்யுங்கள். இதனால் மட்டுமே வெப்பம் சில பாகைகள் குறைந்து, கார்டு தானாகவே கூடுதல் வேகத்தில் இயங்குவதைப் பலர் கண்டிருக்கின்றனர்.

நான்காவது, வாரண்டி. ஓவர்கிளாக்கிங்கால் நேரும் சேதத்தை ஏற்பதில்லை என்று சில நிறுவனங்களின் உத்தரவாத நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். வாரண்டி நடப்பில் இருந்தால் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய கார்டு வாங்கியவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மெய்நிகர் நாணயம் தன் இயக்க முறையை மாற்றியதும், இரவு பகலாக உழைத்த ஏராளமான கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. தேய்ந்த விசிறி உள்ள கார்டில் வேகத்தைக் கூட்டுவது முறையன்று. மடிக்கணினியிலும் இம்முயற்சி வேண்டாம். பலவற்றில் செயலியும் கார்டும் ஒரே குளிர்விப்பானைப் பகிர்ந்துகொள்கின்றன.

படிப்படியாகச் செய்யும் முறை

ஏ.எம்.டி. கார்டுகளுக்கு அந்நிறுவனத்தின் அட்ரினலின் மென்பொருளிலேயே இவ்வசதி உண்டு. என்விடியா கார்டுகளுக்குப் பலரும் பயன்படுத்துவது எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர், இது இலவசம், வேறு நிறுவனங்கள் தயாரித்த கார்டுகளுக்கும் பொருந்தும். சோதனைக்கு யூனிஜின் சூப்பர்பொசிஷன் போன்ற நிரலையோ, நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டில் உள்ள அளவீட்டு வசதியையோ பயன்படுத்தலாம்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல் சோதனையை மூன்று முறை ஓட்டி, மதிப்பெண், உச்ச வெப்பம், கார்டின் வேகம், அறையின் வெப்பம் ஆகிய நான்கையும் குறித்துவையுங்கள். இந்த அடிப்படைக் கணக்கு இல்லாமல் செய்யும் எந்த மாற்றமும் ஊகமாகவே முடியும்.

பிறகு சில்லின் வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டிப் பத்து நிமிடம் சோதியுங்கள். குறையில்லையெனில் மேலும் 25. திரையில் வண்ணப் புள்ளிகள் தோன்றுதல், முக்கோண வடிவங்கள் மின்னி மறைதல், திரை ஒரு கணம் கறுத்து மீளுதல் ஆகியவை எல்லையைத் தாண்டிவிட்டதன் அறிகுறிகள். கார்டு இரண்டு விநாடிகளுக்குப் பதிலளிக்காவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானாகவே மீண்டும் தொடங்கும். திரை கறுத்து மீளுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அறிகுறி தென்பட்டதும் இரண்டு படிகள் இறங்கி நில்லுங்கள். கடைசியாகத் தப்பிப் பிழைத்த எண்ணில் நிற்பதை விட, அதற்குக் கீழே நிற்பதே நீண்ட நாள் பயன்பாட்டுக்கு ஏற்றது.

அடுத்து, சில்லின் வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, நினைவகத்தைத் தனியாகச் சோதியுங்கள். இரண்டையும் ஒருசேரக் கூட்டினால் குறை எதனால் என்று தெரியாமல் போகும். நினைவக வேகம் பல கார்டுகளில் நல்ல பலன் தரும். மேற்சொன்ன ஜி.டி.எக்ஸ். 1650இன் முதல் வடிவம், 128 பிட் அகலப் பாதையில், ஊசி ஒன்றுக்கு 8 ஜிகாபிட் வேகத்தில் விநாடிக்கு 128 ஜிகாபைட் தரவைக் கடத்தியது. பின்னர் 2020இல் 12 ஜிகாபிட் நினைவகத்துடன் வந்த வடிவம் 192 ஜிகாபைட் கடத்தியது. சில்லின் வேகம் சற்றுக் குறைக்கப்பட்டிருந்தும் பின்னதே முந்தியது. சில்லின் பசிக்கு நினைவகம் ஈடுகொடுக்காமல் இருந்ததை இது காட்டுகிறது.

ஆனால் நினைவகத்தில் ஒரு கண்ணி உண்டு. இவ்வகை நினைவகங்கள் தரவு கடத்தலில் நேரும் பிழையைக் கண்டறிந்து மறுபடி அனுப்பவல்லவை. எல்லை தாண்டியதும் திரையில் குறை எதுவும் தெரியாது. திரும்பத் திரும்ப அனுப்புவதிலேயே நேரம் கழிந்து, வேகம் மட்டும் குறையும். எண் பெரிதாகியிருப்பதைக் கண்டு மகிழ்ந்திருப்போம். கார்டோ முன்னைவிட மெதுவாக உழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே 50 மெகாஹெர்ட்ஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணைக் குறியுங்கள். மதிப்பெண் ஏறுவது நின்றாலோ இறங்கினாலோ முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

இறுதியாக இரண்டையும் சேர்த்து, உண்மையான விளையாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் குறையின்றிக் கழிந்த பிறகே, கணினி தொடங்கும்போது அமைப்பு தானாகப் பொருந்தும் வசதியை இயக்குங்கள். அதற்கு முன்பே இயக்கினால், தவறான எண்ணோடு ஒவ்வொரு முறையும் கணினி உறைந்து, அதைத் திருத்தவே சிரமப்பட நேரும். சோதனை நாட்களில் முக்கியக் கோப்புகளுக்கு வேறொரு வட்டில் நகல் எடுத்துவையுங்கள்.

மார்கழியில் தேறியது சித்திரையில் தேறுமா?

குளிர் நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் அறையின் வெப்பம் 20, 22 பாகை என்று கொண்டே எழுதப்படுகின்றன. நம் நாட்டின் பெரும்பகுதியில், கோடையில் மாடியறையின் வெப்பம் பிற்பகலில் 38 பாகையைத் தாண்டும். விசிறியின் வேகம் மாறாதிருந்தால், அறை 10 பாகை சூடேறும்போது கார்டும் ஏறத்தாழ அதே 10 பாகை சூடேறும். சனவரி இரவில் 70 பாகையில் நின்ற கார்டு, மே பிற்பகலில் 85 பாகையை நெருங்கும். வெப்பம் ஏறுந்தோறும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் தேடிய ஆதாயம் அங்கேயே கரையும். குளிரில் தேறிய எண் வெயிலில் கணினியை உறையவும் வைக்கலாம்.

ஆகவே கார்டு எவ்வளவு தாங்கும் என்பதை வெப்பமான நாளின் வெப்பமான வேளையில் சோதிப்பதே முறை. உச்ச வெப்பம் 80 பாகைக்குள் இருக்குமாறு விசிறியின் வேகத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டத்துக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

இதனினும் பயனுள்ள வழி ஒன்று உண்டு. வேகத்தைக் கூட்டாமல், அதே வேகத்துக்கான மின்னழுத்தத்தைக் குறைப்பது அது, அண்டர்வோல்ட்டிங் என்பர். மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தும் சில்லு தவறின்றி இயங்கினால், அது செலவிடும் இயக்க மின்சாரம் 19 விழுக்காடு குறையும். வெப்பமும் விசிறியின் இரைச்சலும் தணியும். வெப்பத்தால் வேகம் குறைந்துகொண்டிருந்த கார்டில் இதனாலேயே வேகம் கூடும். நம் தட்பவெப்பத்தில், மலிவு விலைக் கார்டுக்கு இதுவே முதலில் முயலத்தக்க வழி. இதையும் சிறு சிறு படிகளாகவே செய்து சோதிக்க வேண்டும்.

மென்பொருளை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

கார்டு பழுதானால் இழப்பு கார்டின் விலையோடு நிற்கும். அதைவிடப் பெரிய இழப்புக்கு வழிவிடுவது போலி மென்பொருள். 2021 மே மாதத்தில், ஆஃப்டர்பர்னரின் பெயரைத் தாங்கிய போலித் தளம் ஒன்று தீய நிரலைப் பரப்புவதாக எம்.எஸ்.ஐ. நிறுவனமே எச்சரித்தது. 2022இலும் இத்தகைய போலித் தளங்கள் கண்டறியப்பட்டன. அவற்றிலிருந்து இறங்கிய நிரல்கள், உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடவும், உரிமையாளர் அறியாமல் அவரது கார்டைக் கொண்டே மெய்நிகர் நாணயம் ஈட்டவும் வல்லவை.

தேடுபொறியில் முதலில் தோன்றும் விளம்பர இணைப்பைச் சொடுக்காமல், தயாரிப்பு நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து செல்லுங்கள். "வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவவும்" என்று கேட்கும் எதையும் நிறுவ வேண்டாம். குடும்பத்தின் இணைய வங்கிப் பயன்பாடும் அதே கணினியில்தான் என்றால், சோதனை நாட்களில் பணப் பரிமாற்றத்தை வேறு சாதனத்தில் செய்யுங்கள். பணம் செலுத்தும் நடுவே கணினி உறைந்துவிட்டால், மறுமுறை செலுத்துமுன் கணக்கு விவரத்தில் தொகை கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். போலி நிரல் நுழைந்ததாக ஐயம் எழுந்தால், வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் பறிபோயிருந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் வங்கிக்கும், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

கணக்குப் பார்த்து முடிவு செய்வோம்

மின்கட்டணத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. 120 வாட் கார்டு கூடுதலாக 25 வாட் செலவிட்டு, நாள்தோறும் நான்கு மணி நேரம் உழைத்தால், மாதத்துக்கு 3 யூனிட் கூடும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால் 24 ரூபாய். உண்மையான செலவு, நீங்கள் செலவிடும் ஓரிரு வார இறுதிகளும் கார்டின் ஆயுளில் ஏற்படக்கூடிய சிறு குறைவுமே.

விளையாட்டு விநாடிக்கு 55 சட்டங்களில் நின்று, 60 வேண்டும் என்றால் இம்முயற்சி தகும். 25இல் திணறுவதை 60 ஆக்க வேண்டும் என்றால் எந்த ஓவர்கிளாக்கிங்கும் உதவாது. அங்கே புதிய கார்டுதான் விடை. அந்த நிலையிலும் அவசரம் வேண்டாம். 'வட்டியில்லாத் தவணை' என்று கடைகள் அறிவிக்கும் திட்டங்களில் செயலாக்கக் கட்டணமும் வரியும் சேர்வதுண்டு. மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். தொடர் வைப்பில் மாதம் 1,500 ரூபாய் போட்டுவந்தால் ஓராண்டில் 18,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். அந்த ஓராண்டை இருக்கும் கார்டோடு கடத்திவிட, தூசு துடைத்தலும் மின்னழுத்தக் குறைப்பும் அளவான வேகக் கூட்டலும் பெரும்பாலும் போதுமானவை.